இருபத்தாறு பதினாறான கதை

எக்ஸ்ரே சீட்டு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, வயதை. இந்த வேலையில் இருக்கிற பலருக்கும் இது பழக்கம். வளரும் பிள்ளையின் எலும்பில், முனைக்குச் சற்று முன்னால், குறுக்காக ஒரு கறுப்புக் கோடு ஓடும். அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் படத்தில் வெள்ளையாக விழாது. பன்னிரண்டு வயதில் அந்தக் கோடு இருந்தே ஆகவேண்டும். நாற்பது வயதில் அதே இடத்தில் கோடு தெரிந்தால், "எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கும். எவ்வளவு சுத்தமாகப் படம் எடுத்தாலும், வயது தப்பு என்றால் படிப்பவர் சொல்வதும் தப்பாகிவிடும். அதனால் வயதைக் கன்னாபின்னாவென்று அடித்து அனுப்புகிற கவுன்டர்காரர்கள்மேல் எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

நான் வேலை பார்ப்பது மும்பையில், சயானுக்கும் தாராவிக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில். வருகிறவர்களில் நம்மவர்கள் நிறைய. வயது கேட்டால் வருகிற பதில்கள் ஒரு தினுசாக இருக்கும். "தீவாளி வந்தா நாப்பத்தஞ்சு." "ஒரு அறுவதுன்னு போட்டுக்கயேன்." ஆதாரில் ஒன்று இருக்கும், ரேஷன் கார்டில் ஒன்று இருக்கும், வாயில் வருவது மூன்றாவதாக ஒன்று. ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தோராயமாகப் போட்ட தேதியைத்தான் பாதிப்பேர் இன்றுவரை பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு அவசரத்தில் தட்டுகிற விரல். 6 வயதுக் குழந்தை 66 ஆகும், 71 வயதுப் பாட்டி 17 ஆவாள். திருத்தாமல் எப்படி இருப்பது? வயதைத் திருத்துவது பாவம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்தாலும் எங்கள் சென்டரில் நடந்த ஒரு திருத்தம் மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

முட்டிப் படம்

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மாவும் மகனுமாக வந்தார்கள். சீட்டில் 'இடது முட்டி, ஏபி, லேட்டரல்' என்று எழுதியிருந்தது, அதாவது நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. வயது 26. பேச்சைக் கேட்டதும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டி வீடு. அம்மா விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுக்கிறவர், மகன் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. நெடுநாளாக முட்டியில் வலி, நடையில் ஒரு சாய்வு. குத்தவைக்கச் சொன்னால் இடது முட்டி தானாக வெளியே போய்விடுகிறதாம். ஆனால் சம்மணம் போட்டு நாள் முழுக்க உட்கார முடிகிறது. "வேலை செய்யணும்னாத்தான் வலிக்குன்னு பட்டறைக்காரன் கிண்டல் பண்ணுதான் தாயி" என்றார் அம்மா.

பையன் என் தோள் உயரம்தான் இருந்தான். நானே ஒன்றும் நெட்டை கிடையாது. முகம் கொஞ்சம் உப்பலாக, மீசை இருக்கவேண்டிய இடம் வழவழவென்று. பனியன், சட்டை, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர். செப்டம்பர் மாதத்து மும்பையில், நசநசவென்று வியர்த்துக் கொட்டுகிற நாளில், ஸ்வெட்டர்! மேசையில் படுத்ததும் "ஏசிய அமத்த முடியுமா அக்கா?" என்று கேட்டான். மெஷினுக்காக ஏசி ஓடித்தான் ஆகவேண்டும். பார்த்தால் பதினாறு வயதுதான் சொல்லத் தோன்றும், குரல் மட்டும் பதினாறு இல்லை. தடித்து, கரகரத்து, ஒவ்வொரு சொல்லும் நின்று நிதானித்து வந்தது. நான் ஒன்று கேட்டால் அவன் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லி முடித்துவிடுவார். அது அந்த வீட்டில் வருஷக்கணக்கான பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

முட்டிக்கு நேர்ப்படம் எடுக்கும்போது முட்டிச்சில்லு கூரையைப் பார்க்கவேண்டும். கணுக்காலைப் பிடித்துக் காலை லேசாக உள்பக்கம் திருப்புவோம். ஒரு நாளில் எத்தனையோ கால்களைத் திருப்புகிற கைக்கு, எவ்வளவு விசை வைத்தால் எவ்வளவு திரும்பும் என்பது பாடம். இவன் கால் வரவில்லை. வலிக்கிறது என்று அவன் கத்தவில்லை, இறுக்கவும் இல்லை. கால் ஒரு கட்டத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் காலோடு சேர்ந்து இடுப்பே மேசையிலிருந்து எழும்பியது. மணல் மூட்டையை அண்டை கொடுத்து ஒருவழியாக எடுத்தேன்.

திரையில் படம் வந்தது. முறிவு இல்லை, நீர் கோத்த மாதிரி இல்லை, மூட்டு இடைவெளி நன்றாகவே இருந்தது. ஆனால் தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு கோடு, முட்டிக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் மேல்முனையில் ஒரு கோடு, பக்கத்து மெல்லிய எலும்பின் தலையிலும் ஒன்று. எட்டாம் வகுப்புப் பையனின் முட்டியில் எப்படி இருக்குமோ அப்படி. பொதுவாகப் பதினெட்டு பத்தொன்பது வயதுக்குள் இவை எல்லாம் மூடிவிடும். மறுபடி சீட்டைப் பார்த்தேன். 26. வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். "இருவத்தாறு முடிஞ்சு போச்சு. பெருவெள்ளம் வந்துதே, அந்த வருசம்லா இவன ஒண்ணாப்புல போட்டேன்" என்றார். 2005 ஜூலை 26-ஐ மும்பையில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். அந்த வருடம் ஆறு வயது என்றால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

படம் எடுப்பவர் படத்தைப் படித்து நோயாளியிடம் சொல்லக்கூடாது. நியாயமான விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குறிப்பு எழுதலாம். 'வயது 26, தாயாரிடம் கேட்டு உறுதிசெய்யப்பட்டது. இடது கால் உள்பக்கம் திரும்பவில்லை' என்று தட்டிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கவனமாக நடந்த தப்பு

எங்கள் படங்களைப் படிக்கிற ரேடியாலஜி டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். நெட்டில் படம் போகும், ரிப்போர்ட் வரும். இரண்டு மூன்று நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த ரிப்போர்ட் கண்ணில் பட்டது. '16 / ஆண். வயதுக்கேற்ற எலும்பு வளர்ச்சி. முறிவோ மூட்டுக் கோளாறோ தென்படவில்லை.' என் குறிப்பைக் காணோம்.

கேட்டுப் பார்த்ததில் நடந்தது இதுதான். டாக்டர் படத்தைத் திறந்தார், வயதைப் பார்த்தார், இரண்டும் ஒட்டவில்லை. 'வயதைச் சரிபார்க்கவும்' என்று கவுன்டருக்குச் செய்தி அனுப்பினார். செய்யவேண்டியதைத்தான் செய்தார். கவுன்டரில் இருந்த பெண்ணுக்குப் பையனை நன்றாக நினைவிருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் தலை மட்டும் தெரிந்த பையன், எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொன்னார். கீபோர்டில் ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்த கட்டை. 16-ஐத்தான் 26 என்று தட்டிவிட்டோம் போல என்று திருத்தினாள். எங்கள் சாஃப்ட்வேரில் வயதைத் திருத்தினால் புதுப் பதிவு உருவாகும். பழைய பதிவோடு ஒட்டியிருந்த என் குறிப்பு பழைய பதிவோடே போய்விட்டது. டாக்டர் புது வயதை வைத்துப் படித்தார். பதினாறு வயதுக்கு அது அப்பழுக்கில்லாத முட்டி.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். இதில் யாரும் அசட்டையாக இல்லை. கவுன்டர் பெண் செய்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், 26 என்ற எண்ணும் திறந்த தட்டுகளும் ஒரே தாளில் கிடந்திருக்கும், யாராவது ஒருவர் புருவத்தைத் தூக்கியிருப்பார். டாக்டர் வயதையே பார்க்காத ஆளாக இருந்திருந்தால்கூட 'வளர்ச்சித் தட்டுகள் திறந்துள்ளன' என்று ஒரு வரி எழுதியிருப்பார், அது 26-க்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். ஆளுக்கு ஒரு கை கவனம் போட்டதில்தான் இருந்த ஒரே துப்பும் அழிந்தது. எண்ணும் எலும்பும் முரண்பட்டபோது எண்ணைத் திருத்தினோம். திருத்தியதும் எலும்பு நார்மல் ஆகிவிட்டது. அந்த முரண்பாடுதான் நோய் என்று தோன்ற யாருக்கும் வழியே இல்லை.

டாக்டருக்கு நானே போன் செய்தேன். "சார், அந்த முட்டிப் படம். வயசு பதினாறு இல்ல, இருபத்தாறுதான். நான் அம்மாவைக் கேட்டு எழுதியிருந்தேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி வயதைப் பற்றியது இல்லை. "கால் திரும்பலேன்னு எழுதினீங்களா? எந்தப் பக்கம் திரும்பல?" உள்பக்கம் என்றேன். "உடனே கூப்பிடுங்க. இடுப்பெலும்பு முழுசா ஒண்ணு, ஃப்ராக் லெக் ஒண்ணு. நடந்து வரானான்னு முதல்ல பாருங்க. காலை ஊன்ற முடியாம வந்தா ஃப்ராக் லெக் வேணாம், மேலே கை வைக்காதீங்க." ஃப்ராக் லெக் என்றால் தவளைபோல முட்டியை மடக்கி வெளிப்பக்கம் விரித்து எடுக்கிற இடுப்புப் படம். திருத்திய ரிப்போர்ட்டை அன்று இரவே அனுப்பினார்.

வலி முட்டியில், கோளாறு இடுப்பில்

இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பு ஒன்றின் கிளை முட்டிக்கும் போகிறது. அதனால் இடுப்பில் தகராறு என்றால் முட்டி வலிக்கலாம். பிள்ளைகளின் இடுப்பு நழுவல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். முட்டி வலி என்று வருகிறார்கள், முட்டியைப் படம் எடுக்கிறோம், நன்றாக இருக்கிறது, கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

நழுவுவது எது? தொடையெலும்பின் உச்சியில் இருக்கிற பந்துக்கும் அதன் கீழேயுள்ள கழுத்துக்கும் நடுவில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு வழியாகப் பந்தும் கழுத்தும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கோனிலிருந்து ஐஸ்கிரீம் சரிவதுபோல என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். எனக்கு அது எப்போதும் இடிக்கும். பந்து இடுப்புக் கிண்ணத்துக்குள் அப்படியேதான் இருக்கிறது. கழுத்துதான் முன்னுக்கும் மேலுக்கும் வெளிப்பக்கமுமாகத் திரும்பிப் போகிறது. ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் இருக்க, கோன் நழுவுகிறது. இப்படி வைத்துப் பார்த்தால்தான் கால் ஏன் உள்ளே திரும்பாது, மடக்கினால் முட்டி ஏன் வெளியே ஓடுகிறது என்பதெல்லாம் புரியும். அவனுக்குச் சம்மணம் சுலபம், குத்தவைப்பது கஷ்டம் என்பதற்கும் விளக்கம் இதுதான்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோய்ஸ் பாரே 1572-லேயே இந்த நழுவலைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே வர அதற்கு மேல் முந்நூறு வருடம் ஆனது. வழக்கமாக இது வருவது பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைகளுக்கு. பத்துக்குக் கீழே வந்தாலோ பதினாறுக்கு மேலே வந்தாலோ வெறும் எடையைக் காரணம் சொல்லி விடக்கூடாது, ஹார்மோனையும் சிறுநீரகத்தையும் பார் என்பது எலும்பு டாக்டர்களின் வழக்கம். வளர்ந்தவர்களுக்கு வருவது அபூர்வம். மருத்துவ இதழ்களில் ஒற்றை நோயாளியைப் பற்றிய குறிப்பாகத்தான் பெரும்பாலும் வரும். அப்படி வந்தால் தேடவேண்டிய முதல் சில பெயர்களில் தைராய்டு குறைபாடு ஒன்று.

வளர்ச்சித் தட்டில் இருக்கிற குருத்தெலும்புச் செல்கள் பெருத்து, முதிர்ந்து, எலும்புக்கு இடம்விட வேண்டுமானால் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது இல்லையென்றால் தட்டு ஒழுங்காக வளரவும் வளராது, காலாகாலத்தில் மூடவும் மூடாது. வயது ஏறிக்கொண்டே போகும், உடம்பில் எடை போடும், ஆனால் இடுப்பில் அந்த இணைப்பு மட்டும் சிறுபிள்ளையின் பலவீனமான குருத்தெலும்பாகவே நிற்கும். பெரியவரின் பாரத்தை அது எத்தனை நாள் தாங்கும்?

அவன் நடந்துதான் வந்தான், அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு. இடுப்புப் படம் எடுத்தேன். தொடையெலும்புக் கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், பந்தின் ஒரு துண்டாவது அந்தக் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கவேண்டும். க்ளைன் கோடு என்பார்கள். வலது பக்கம் நின்றது. இடது பக்கம் கோடு பந்தைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் தட்டுகள் திறந்து கிடந்தன.

பள்ளிக்கூடப் போட்டோ

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "நீயும் ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி, டாக்டர் சொல்லுறது எனக்கு வெளங்காது" என்று அம்மா கூப்பிட்டதால் வாராந்திர லீவில் கூடப் போனேன். முப்பது வருடமாக இந்தி பேசி இட்லி விற்கிறவருக்கு எது விளங்காது என்று தெரியவில்லை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே இருந்த ஓர் இளம் டாக்டர் இடுப்பைப் பார்த்து முடித்தபின், அவனை நாற்காலியில் மண்டியிட்டு நிற்கச் சொல்லி, குதிகால் தசைநாரைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று ஓர் உதறு உதறியது. திரும்பி வருவதற்குத்தான் யோசித்தது. நமக்கெல்லாம் போய் வருவது கண்ணில் படாத வேகத்தில் நடக்கும். இவனுக்கு அது மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாகத் திரும்பியது. தைராய்டு குறைவின் அடையாளம் அது. டாக்டர் மறுபடி தட்டினார். அப்புறம் பக்கத்தில் இருந்த மாணவர்களைக் கூப்பிட்டு அவர்கள் பார்க்க ஒருமுறை தட்டினார். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 100-க்கு மேல் என்று வந்தது. தைராய்டு சுரப்பியை முடுக்குகிற ஹார்மோன் இது, தைராய்டு குறையக் குறைய இது ஏறும். நார்மல் என்றால் நாலு, நாலரைக்குள் இருக்கும். மெஷின் அளக்கிற எல்லையே நூறுதானாம், அதற்கு மேல் எவ்வளவு என்று அது சொல்லாது.

பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். அவன் படித்தது மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியில். வகுப்புப் போட்டோக்களை அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். இரண்டாம் வகுப்பில் பின்வரிசையில் நெட்டையான பையன்களோடு நிற்கிறான். நாலாம் வகுப்பில் நடுவரிசை. ஏழாம் வகுப்பில் முன்னால், தரையில், ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பத்தாம் வகுப்பிலும் அதே இடம், ஏறக்குறைய அதே முகம். வளர்ச்சி எப்போது கடையை மூடியது என்பது வரிசை வரிசையாக அச்சடித்துக் கிடந்தது. பிறவியிலேயே தைராய்டு குறைந்து, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். முதல் இரண்டு மூன்று வருடங்கள் தாண்டியபின் வந்தால் புத்திக்குப் பெரிய பழுது வராது, உயரம்தான் நின்றுபோகும். இவனுக்கு இரண்டாவது வகை என்றார் டாக்டர். கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன்தான். 'மந்தம்' என்று வீட்டிலும் பட்டறையிலும் பெயர் வாங்கியது வேறு கதை.

வீட்டிலும் ஒரு திருத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் ஆகிவிட்டது, இவனுக்கு ஏன் பார்க்கவில்லை என்றால், "இன்னும் வளரட்டும்னு இருக்கேன்" என்பார் அம்மா. மீசை இல்லை என்றால், "அவுக தாத்தா வழி". குளிருகிறது என்றால், "மெலிஞ்ச உடம்பு". அவன் மெலிந்தவனே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது. எண்ணைத் திருத்துவதற்குப் பதில் இவர்கள் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டார்கள். அன்பில் செய்தது. அவனை ஒருநாளும் குறைவாக நடத்தாத வீடு அது.

ஆஸ்பத்திரியில் இரண்டு தரப்பு. எலும்புக்காரர்களுக்கு அவசரம். எந்த நேரமும் ஒரு தப்படி வைத்தால் முழுசாக நழுவிவிடும். 1993-இல் அமெரிக்காவில் லோடர் என்கிற எலும்பு டாக்டரும் கூட்டாளிகளும் இந்த நழுவலைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஊன்றுகோலோடாவது நடக்க முடிந்தவர்களில் ஒருவருக்கும் பந்து செத்துப்போகவில்லை. நடக்கவே முடியாதபடி நழுவியவர்களில் 47 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் போய்ப் பந்து செத்துவிட்டது. மயக்க டாக்டர்களுக்கோ நேர் எதிர்க் கவலை. இவ்வளவு தைராய்டு குறைவோடு மயக்கம் கொடுத்தால் உடம்புச் சூடு இறங்கலாம், இதயம் சுணங்கலாம், எழுப்புவதே பாடாகிவிடலாம். மாத்திரையைக் கொட்டி அவசரமாக நிரப்பவும் முடியாது. நெடுநாள் வறண்டு கிடந்த உடம்புக்குச் சின்ன அளவில் ஆரம்பித்துத்தான் ஏற்ற வேண்டும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஹார்மோன் கிடைத்ததும் தூங்கிக்கொண்டிருந்த தட்டு சுறுசுறுப்பாகும், அந்தச் சமயத்திலும் நழுவல் வரலாம். கடைசியில், காலை ஊன்றாமல் படுக்கையில் வைத்து, இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்று எக்கோ பார்த்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓரளவு பயம் தெளிந்ததும் உள்ளே கூட்டிப்போனார்கள். விலகியதை இழுத்துப் பழைய இடத்தில் வைக்கவில்லை. இழுத்தால் ரத்தக்குழாய் போய்விடும். இருக்கிற இடத்திலேயே, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டுகிற சி-ஆர்ம் கருவியில் பார்த்துப் பார்த்து, தட்டைக் குறுக்காகக் கடந்து பந்தின் நடுவுக்குப் போகிற மாதிரி ஒரு திருகாணி. நழுவாத வலது பக்கத்துக்கும் ஒன்று. ஹார்மோன் காரணம் என்றால் அடுத்த பக்கமும் நழுவ வாய்ப்பு அதிகம் என்பதால்.

எலும்பா, தாளா

எங்கள் சென்டரில் நடந்ததற்கு நேர் எதிரான ஏற்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. குற்றவழக்கில் மாட்டுகிற பையன் பதினெட்டுக்கு மேலா கீழா என்று சந்தேகம் வந்தால், 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார் என்கிறது. அது இல்லையென்றால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் படம். படத்தை வைத்துச் சொல்லும் வயது இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு வருடம் பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஜெயமாலா வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, சட்டம் தாளை நம்புகிறது. கிரிக்கெட் வாரியம் எலும்பை நம்புகிறது. பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆட வருகிற பையன்களுக்கு மணிக்கட்டைப் படம் எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். சான்றிதழில் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கு அது நியாயம். பத்து வருடம் மூத்த என் தோல் பைக்காரன் போய் நின்றிருந்தால் எலும்பு அவனைச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஓட முடியாது, அது வேறு.

எலும்பு வயது பார்க்க உலகம் முழுக்க ஒப்பிடுகிற பழைய படத் தொகுப்பு ஒன்று உண்டு. 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளின் இடது கைகளை எடுத்தது. தாராவிப் பையனின் கையையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறோம். பெரும்பாலும் சரியாகவே வருகிறது. 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பித்தான் என் தொழிலே ஓடுகிறது.

எலும்பு நம்பகமா, தாள் நம்பகமா என்று கேட்டால் என்னிடம் பொதுவாக ஒரு பதில் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கிற நேரத்தில் ஒன்றை அவசரமாக அழிக்காமல், இரண்டையும் கொஞ்ச நேரம் ஒரே தாளில் உட்காரவைக்க முடியுமா என்பதுதான் என் கவலை. ரிப்போர்ட் என்றால் சுத்தமாக இருக்கவேண்டும், எண்ணும் படமும் ஒத்துப்போக வேண்டும் என்று பழக்கப்பட்டுவிட்டோம். ஒத்துப்போகாத தாளை அனுப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. எனக்கும்தான்.

பையன் இப்போது ஸ்வெட்டர் போடுவதில்லை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் அரைமணி நேரமாவது கழித்துத்தான் டீ. இந்த அரைமணிதான் அந்த வீட்டில் தினமும் நடக்கிற சண்டை, ஏனென்றால் இட்லிச் சட்டியை இறக்கும்போதே டீ போட்டுக் கொடுத்துப் பழகிய கை அம்மாவுடையது. நான் ஏதாவது கேட்டால் அம்மாவை முந்திக்கொண்டு இவனே பதில் சொல்கிறான். அம்மாவுக்கு அதில் பெருமையும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமும் இருக்கிறது. பேன்ட் குட்டையாகிவிட்டதாம். காலின் வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றிய தட்டுகளில்தான் நடக்கிறது, இடுப்பில் போட்ட திருகாணி அதைத் தடுக்காது. ரொம்ப உயரமாகிவிடுவான் என்று டாக்டர் நம்பிக்கை கொடுக்கவில்லை. மருந்து பிடித்ததும் தட்டுகள் வேகமாக மூடவும் செய்யும் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். நடையில் சாய்வு கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

எங்கள் சென்டரில் இப்போது ஒரு விதி போட்டிருக்கிறோம். படத்தோடு வயது ஒட்டவில்லை என்றால் ஆதாரைப் பார்க்காமல் திருத்தக்கூடாது. கவுன்டர் பெண்ணுக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. போன வாரம் இருமிக்கொண்டே வந்த ஒரு குழந்தையின் நெஞ்சுப் படம் 44 வயது என்று உள்ளே போய்விட்டது. அம்மா கையில் ஆதார் இல்லை. "இடுப்பில தூக்கிட்டு நிக்கறாங்க, இதுக்கும் ஆதார் வேணுமா மேடம்?" என்று என்னிடம் வந்து நின்றாள். திருத்தச் சொன்னேன். வேறென்ன சொல்ல? அவள் திருத்துகிற நூறு வயதில் தொண்ணூற்றொன்பது தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கும், அதில் எனக்கும் சந்தேகமில்லை. பழைய எண்ணையும் குறிப்பையும் அழிக்காமல் புது எண்ணோடு சேர்த்துக் காட்டுகிற மாதிரி சாஃப்ட்வேரை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறோம். முடியுமாம், அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். முதலாளி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.